ரஞ்சிதம் பேசும் திசை

பத்து மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் இந்தக் கடைசி கிளாம்பை முறுக்கிவிட்டால் போதும், திருப்புளி வழுக்குகிறது, விரலெல்லாம் வியர்வை, வெயில் இப்போதே மொட்டை மாடியில் பாதியைப் பிடித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, ஒரு பிவிசி குழாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கொத்தனார்கள் இடுப்பில் செருகியிருக்கிற இரும்பு அளவுநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி அந்தக் குழாயின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிற அறுபத்து மூன்று வயதுப் பொம்பளையை யார் பார்த்தாலும் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும். மூன்றே துண்டுகள்தான், பின்னால் நீளமானது, நடுவில் இரண்டாகப் பிளந்தது, முன்னால் குட்டை, நடுத்துண்டில் பற்றவைத்த வயர் நேராக வந்து என் கையடக்க ரேடியோவின் தலையில் திருகிக்கொள்கிறது. இது மற்ற ஏரியல்களைப் போல நாலாபக்கமும் கேட்காது, எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் மட்டும் கேட்கும், மற்ற பக்கத்துக்கெல்லாம் செவிடு. எனக்கு அது போதும், எனக்கு ஒரே ஒரு பக்கம்தான் வேண்டும், வடக்கே, அதோ நீலமாகப் படுத்திருக்கிற ஏற்காட்டு மலை, அந்த மலைக்கும் பின்னால், நாகலூரையும் தாண்டி, ஒரு காப்பித் தோட்டத்தில் மகள் மருமகனோடு என் சிநேகிதி ரஞ்சிதம் இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் அந்தப் பாறைமேல் ஏறி நின்று இதே மாதிரி ஒரு ரேடியோவில் என்னைக் கூப்பிடுவாள். பதினாலு மாசமாகக் கூப்பிடுகிறாள். பத்து நிமிஷம் பேசுவோம். அந்தப் பத்து நிமிஷத்தில் பாதியை இரைச்சல் தின்றுவிடுகிறது, ஆற்று மணலைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல், அதற்கு நடுவே அவள் சொன்னது வெந்தயமா வெங்காயமா என்று நான் யூகிக்க வேண்டியிருக்கிறது. இன்று யூகிக்க மாட்டேன். இன்று அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்க வேண்டும்.

இந்த ரேடியோவை எத்தனை விதமாகச் சோடித்துப் பார்த்துவிட்டேன். மலிவுச் சீனா செட்டு, வாக்கிடாக்கி என்று கீழ்வீட்டு கலாராணி சொல்வாள், வாக்கிடாக்கி இல்லம்மா, ஹாம் ரேடியோ, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால்தான் பேசலாம் என்று நான் ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். முதலில் அதோடு வந்த குட்டை ரப்பர் ஏரியலைக் கழற்றிவிட்டு ஒரு முழ நீளத்தில் சாட்டை மாதிரி ஆடுகிற ஏரியல் போட்டேன், கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் அடியில் ஒரு வயரை வால் மாதிரித் தொங்கவிட்டேன், இன்னும் கொஞ்சம். அப்புறம் கார் மேல் ஒட்டவைக்கிற காந்த ஏரியலை வாங்கினேன், என்னிடம் ஏது கார், பழைய தோசைக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஒட்டவைத்தேன், அன்றைக்கு அவள் குரல் ஒரு நிமிஷம் சுத்தமாக வந்தது, ஒரே நிமிஷம், பிறகு மறுபடியும் மணல். சட்டைக்காலரில் மாட்டிக்கொள்கிற மைக் வாங்கினேன், தடித்த பாட்டரி வாங்கினேன், எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, அவளுடையதெல்லாம் பிரிக்காமல் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன, ஏனென்றால் அந்தத் தோட்டத்துக்குக் கூரியர் வராதாம். நானே கொண்டுவந்து தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். பஸ் கிடையாது, பாதையில் காட்டெருமை நிற்கிறது, மழையில் ரோடு அரித்துவிட்டது, மருமகனின் அம்மா வந்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறுடி பிலோ, தை பிறக்கட்டும், பங்குனி போகட்டும். செல்போனுக்கும் அங்கே டவர் இல்லை. அவள் மலையேறுகிற அன்று நான்தான் இந்த ஜோடி ரேடியோவில் ஒன்றை அவள் கைப்பையில் வைத்தேன், இருவரும் சேர்ந்து ஒரே நாளில் வாங்கினது, அம்பத்தாறு வயதில் இருவரும் சேர்ந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை எழுதினது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ யோசித்தாள். சரி, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன் என்றாள்.

கிளாம்ப் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கிறேன், முழங்கால் சத்தம் போடுகிறது, குழாயின் பின்நுனியைப் பிடித்து முன்நுனியை மலைப்பக்கம் நீட்டுகிறேன், துப்பாக்கி நீட்டுகிற மாதிரி. தகடுகள் படுக்கைவசமாக இருக்கக்கூடாது, நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், திருப்பிப் பிடித்தேன். பத்து அடித்துவிட்டது. அவள் எப்போதும் ஒரு நிமிஷம் தாமதம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோதும் அப்படித்தான், எட்டு மணி ஷிப்டுக்கு எட்டு ஒன்றுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டுவாள், நான் அந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் போர்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன், ஏழாம் நம்பர் போர்டு நான், எட்டாம் நம்பர் அவள், வெளியூர்க் கால் இணைக்கிற சேலம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. முகத்தைப் பார்த்துப் பேசினதைவிட பக்கவாட்டில் கேட்டதுதான் அதிகம். அவள் குரல் எப்படிப்பட்டது என்றால், லைன் கிடைக்கவில்லை என்று அவள் சொன்னால் சந்தாதாரர் நன்றி சொல்லிவிட்டு வைப்பார். வந்துவிட்டாள். லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்பெழுத்துகளைச் சொல்கிறாள், பிறகு என்னுடையதை, பிறகு, "பிலோ, இருக்கியா? ஓவர்." மணல், மணல், மணலுக்கு அடியில் அவள். பொத்தானை அழுத்தினேன். "இருக்கேன் ரஞ்சிதம், காலை வணக்கம், என் குரல் எப்படிக் கேக்குது?" பொத்தானை விட்டேன், விட்டால்தான் அவள் குரல் வரும். "தெளிவு நாலு, பலம் மூணு. எப்பவும்போலத்தான். அங்க வெயிலா?" எப்போதும்போலத்தான். ஏன், எப்போதும்போல ஏன்? நான் இன்று ஏரியலையே மாற்றியிருக்கிறேனே, அதை நேராக அவள் நெற்றிக்குக் குறிபார்த்து நீட்டியிருக்கிறேனே, எனக்கு அவள் குரல் போன வாரத்தைவிடத் தேய்ந்துபோய்க் கேட்கிறதே. இந்த மலிவு செட்டின் சின்னத் திரையில் பலம் காட்டுகிற கோடுகள் எதற்கும் உதவாது, வந்தால் முழுசாக வரும், போனால் முழுசாகப் போகும், காதைத்தான் நம்ப வேண்டும். என் காது எக்ஸ்சேஞ்ச் காது.

வெயில் கண்ணில் அடித்தது, அதற்காகத்தான் திரும்பினேன், வேறு எதற்காகவும் இல்லை, தொட்டி நிழலுக்கு நகர்ந்தபோது குழாயும் என்னோடு திரும்பியது, மலையை விட்டு, கிழக்கை விட்டு, மார்க்கெட் பக்கம், இன்னும் கீழே, தெற்கு, தென்மேற்கு, அப்போது அவள் பேசிக்கொண்டிருந்தாள், "இங்க ஒரே பனி பிலோ, எதிர்ல இருக்கற சில்வர் ஓக் மரமே தெரியல" என்று, பனி என்கிற சொல்லில் மணல் பாதியாகக் குறைந்தது, சில்வர் ஓக்கில் முற்றிலும் நின்றுவிட்டது. மரமே தெரியல என்று அவள் என் காதுக்குள் நின்று சொன்னாள். பின்னால் ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது, கடகட என்று, றெக்கையில் ஏதோ தட்டுகிற ஃபேன். நான் சிரித்தேன், முதலில் நான் சிரித்தேன், எவ்வளவு சுத்தமாக வருகிறாள் பார் என்று, கையெல்லாம் புல்லரித்தது, ஏரியல் வேலை செய்கிறது, நான் கட்டின ஏரியல். பிறகுதான் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று பார்த்தேன். மலை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் முன்னால் தாதகாப்பட்டிப் பக்கத்து மாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், ஒரு செல்போன் கோபுரம்.

இல்லை, அலை எதிலாவது பட்டுத் திரும்பியிருக்கும். அந்தக் கோபுரத்தில் பட்டிருக்கும். ரேடியோ அலை அப்படியெல்லாம் செய்யும், பாறையில் பட்டு, கட்டடத்தில் பட்டு, பந்து மாதிரித் திரும்பி வரும், வகுப்பில் சொன்னார்களே. மலைப்பக்கம் திருப்பினேன், மணல். தென்மேற்கே திருப்பினேன், ரஞ்சிதம். இல்லை, நான் ஏரியலைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன், நீளத்துண்டு முன்னால் வந்திருக்கும், முதுகை முகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதுதான், நிச்சயம் அதுதான், எவ்வளவு முட்டாள் நான். மடியில் வைத்துப் பார்த்தேன். நீளமானது பின்னால்தான் இருந்தது. குட்டை முன்னால்தான் இருந்தது. விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன், மூன்று துண்டை எத்தனை தடவை எண்ண முடியும். "பிலோ, இருக்கியா? சத்தமே காணோம். ஓவர்." "இருக்கேன், இருக்கேன், சொல்லு. காப்பிப் பழம் பறிப்பு முடிஞ்சுதா?" என்ன குரல் இது, என் குரலா, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. அவள் சொல்ல ஆரம்பித்தாள், பறிப்பு முடியவில்லை, ஆள் கிடைக்கவில்லை, பழம் உதிர்கிறது. அவள் பேசப்பேச நான் வயரைக் கழற்றி அந்தக் குட்டை ரப்பர் ஏரியலைத் திருகினேன். ஏரியலை நம்பாவிட்டால் உடம்பை நம்பலாம். ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும், பேசுகிறவருக்கு நம் முதுகு திரும்புகிறபோது நம் உடம்பே சுவராகி அந்தக் குரலை மறைக்கும், எங்கே குரல் சாகிறதோ அதற்கு நேர் எதிரில் ஆள் இருக்கிறார். இதைக் கற்றுக்கொண்டபோது நானும் அவளும் கோட்டை மைதானத்தில் விளையாடினோம், ஒருவர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பேச மற்றவர் கண்ணை மூடிச் சுற்றிக் கண்டுபிடிக்க வேண்டும், அம்பத்தாறு வயசில் இரண்டு கிழவிகள். கண்ணை மூடினேன். ரேடியோவை மார்பில் அழுத்திக்கொண்டேன், சுற்றினேன், மெதுவாக, தரை சூடு பாதத்தில் ஏறியது. பழம், உதிர்கிறது, ஆள், கூலிக்கு, வரமாட்டேன், மணல், மணல், ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தேன். மலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள்.

எத்தனை நாளாக? மருந்துக்கடை ஏகாம்பரம் சொன்னாரே, ஆவணி மாசம் இருக்கும், உங்க சிநேகிதி அம்மாவைத் தாதகாப்பட்டி கேட்டில் பார்த்தேன், மருமகளோடு பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று, நான் சிரித்துக்கொண்டே அவளுக்கு மருமகளே கிடையாது ஏகாம்பரம், ஒரே மகள்தான், அவர்கள் மலையில் இருக்கிறார்கள், கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். அவர் சந்தேகத்தோடு தலையாட்டினார். மகளோடு பூ வாங்கியிருக்கிறாள். அங்கேதான் இருக்கிறாள். இங்கிருந்து டவுன் பஸ்ஸில் பதினைந்து நிமிஷம், அந்த பஸ் என் தெருமுனையில் நிற்கிறது, நான் அதில் ஏறி அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் இல்லாததால் போகவில்லை, அதை அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அப்புறம் இன்னொன்று தோன்றியது, தோன்றியபோது உட்கார்ந்துவிட்டேன், சிமெண்டுத் தரை சுட்டது, சுடட்டும். இவ்வளவு பக்கத்திலிருந்து பேசினால் குரல் மணலோடு வராது. ஐந்து வாட்டில் பேசினால் என் காதைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். அவள் செட்டைக் குறைந்த பவருக்கு மாற்றியிருக்கிறாள், ஒரு வாட்டுக்கு, குட்டை ஏரியலோடு, வீட்டுக்குள்ளே உட்கார்ந்து, ஒருவேளை பாத்திர அலமாரிப் பக்கம் திரும்பி, குரல் மலைக்கு அப்பாலிருந்து வருகிற மாதிரி நலிந்து வருவதற்காக. பக்கத்தில் இருக்கிறவரோடு பேசும்போது பவரைக் குறைக்கணும் ரஞ்சிதம், பாட்டரி மிச்சமாகும் என்று எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான் இங்கே தோசைக்கல்லைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒவ்வொரு வாரமும் அவளை ஒரு அடி கிட்டே இழுத்தேன், அவள் அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் சுத்தமாக வந்தாளே, பிறகு மணலாகிவிட்டதே, அன்றைக்கு நான் சந்தோஷத்தில் கத்தினேன், ரஞ்சிதம் ரொம்ப நல்லாக் கேக்குதுடி என்று. அதனால்தான். நான் கத்தினதால்தான் அவள் எழுந்து இன்னும் உள்ளே போயிருக்கிறாள்.

எக்ஸ்சேஞ்சில் ஒருவர் இருந்தார், சூரமங்கலத்து லேத் பட்டறைக்காரர், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மதராஸுக்கு ஒரு நம்பர் கேட்பார், பிரிந்துபோன மனைவியின் நம்பர். அந்தப் பெண் ஒருநாள் ரஞ்சிதத்திடம் அழுதாள், அக்கா, இவருக்கு லைன் கொடுக்காதீங்க என்று. அதற்குப் பிறகு எட்டு மாசம் அவருக்கு லைன் கிடைக்கவில்லை. சார், கேபிள் ஃபால்ட் சார், சார், இன்னும் பத்து நிமிஷம் பாருங்க சார், அச்சச்சோ, இப்பத்தான் கட்டாச்சு சார், எவ்வளவு இனிமை, எவ்வளவு அக்கறை, அவர் தீபாவளிக்கு அவளுக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். நான் ஒரு துண்டு தின்றேன். தின்றுகொண்டே கேட்டேன், இது பொய்தானேடி? "முகத்துல அடிச்ச மாதிரி சொன்னா அந்தாளு செத்துடுவான். லைன் மேல பழியப் போட்டா நாளைக்கு வரைக்கும் உசிரோட இருப்பான்" என்றாள். நான் அவளை எவ்வளவு மெச்சினேன். எவ்வளவு நல்ல மனசு என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன். அந்த லேத்துக்காரருக்கு ஒருநாள்கூடச் சந்தேகம் வரவில்லையா என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. வந்திருக்கும். ஒரு சாயங்காலம் அவருக்கும் வந்திருக்கும், வந்தபிறகும் ஐந்து மணிக்குக் கூப்பிட்டிருப்பார். நான் அப்படிச் செய்யலாம். இந்தக் குழாயை மடித்துப் பரணில் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு தோசைக்கல்லோடு வந்து உட்காரலாம், பனி எப்படி இருக்கிறது என்று கேட்கலாம், ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது. எதுவும் தெரியாதவளாக நடிக்க எனக்கு வராது என்பதைத் தவிர.

"பிலோ? மூட்டுவலி எப்படி இருக்கு, ஊசி போட்டியா?" மூட்டுவலியைக் கேட்கிறாள். உண்மையாகத்தான் கேட்கிறாள், குரலில் தெரிகிறது, அதுதான் தாங்கவில்லை. "போட்டேன். ஒரு நிமிஷம் இரு ரஞ்சிதம், போயிடாத." மாடிப்படிக் கூண்டுக்குள் போனேன், கதவைச் சாத்தினேன், இருட்டு, பழைய சாக்கு வாசம். பவரைக் குறைத்தேன். குட்டை ஏரியலைக் கையால் மூடிக்கொண்டேன், இப்படிப் பிடித்தால் இந்தத் தெருவைத் தாண்டிப் போவதே கஷ்டம், மலையைத் தாண்டி ஒரு எறும்புக்குக்கூடக் கேட்காது. கேட்காவிட்டால் அவள் மலையில்தான் இருக்கிறாள், கேட்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிலோமினாவாகிய நான் வாழ்க்கையில் இவ்வளவு கெஞ்சி மாதாவிடம் எதையும் கேட்டதில்லை, அவளுக்கு என் குரல் கேட்கக்கூடாது, அவள் திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிட்டு அலுத்து பாறையை விட்டு இறங்கிப் போகவேண்டும். பொத்தானை அழுத்தினேன். "ரஞ்சிதம், இப்ப என் குரல் எப்படிக் கேக்குது? ஓவர்." விட்டேன். உடனே, யோசிக்காமல், ஒரு நொடிகூட எடுக்காமல், "அதேதான் பிலோ. தெளிவு நாலு, பலம் மூணு." அவள் காதுகூடக் கொடுக்கவில்லை. பதினாலு மாசமும் அவள் காதே கொடுக்கவில்லை, என் குரலுக்கு என்ன மதிப்பெண் என்று முதல் வாரமே எழுதி வைத்துவிட்டாள்.

"ரஞ்சிதம். நான் மாடிக்கூண்டுக்குள்ள இருக்கேன். கதவ சாத்திக்கிட்டு. ஒரு வாட்டுல, ரப்பர் ஏரியலக் கையால பொத்திப் பிடிச்சிக்கிட்டுப் பேசறேன்." விட்டேன். எதுவும் வரவில்லை. இரைச்சலும் வரவில்லை, செட்டு அமைதியாக இருந்தது, எதிர்ப்பக்கம் பேசினால் எரிகிற பச்சை விளக்குகூட எரியவில்லை. பிறகு விளக்கு எரிந்தது. அவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள், பேசவில்லை, அழுத்தினபடியே இருக்கிறாள். பின்னால் அவள் வீட்டுச் சத்தங்கள் கேட்டன. அந்த ஃபேன். குக்கர் ஒரு விசில் அடித்தது. யாரோ ஒரு பெண், அவள் மகள் சுபாங்கியாகத்தான் இருக்கும், "அம்மா, யாரு, அத்தையா?" என்றாள். அத்தை என்று அவள் என்னைத்தான் கூப்பிடுவாள், பிறந்ததிலிருந்து. விளக்கு அணைந்தது. நான் கூண்டை விட்டு வெளியே வந்தேன், வெளிச்சம் முகத்தில் அறைந்தது. மறுபடியும் விளக்கு. "எப்பத் தெரியும் உனக்கு?" "இப்பத்தான். பத்து நிமிஷம்." "ம்." இப்போது மணல் இல்லை. பவரை ஏற்றிவிட்டாளா, வெளியே வந்துவிட்டாளா, அவள் குரல் நெஞ்சில் இடிக்கிற மாதிரி வந்தது, பதினாலு மாசத்தில் முதல் தடவை அது வயதானவளின் குரலாகக் கேட்டது. நான் அவளுக்கு வழி எடுத்துக்கொடுத்தேன், பழக்கம், எட்டு ஒன்றுக்கு அவள் வரும்வரை அவள் போர்டைப் பார்த்துக்கொள்கிற பழக்கம். "மாப்பிள்ளைக்கு நான் வரது பிடிக்கலயா ரஞ்சிதம்? அதத்தான் சொல்ல முடியலயா?" ஆமாம் என்று சொல்லிவிடு, சொல்லிவிட்டால் போதும், அந்தப் பையனை நான் வெறுத்துவிட்டுப் போகிறேன். "இல்லடி. அவரு உன்னப்பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. சுபா உன்ன ஏன் கூப்பிடலன்னு என்னோட சண்டை போடறா. யாரும் இல்ல பிலோ. நான்தான்."

நான்தான். எவ்வளவு சின்ன வார்த்தை. நான் ஓவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, பொத்தானை அழுத்துகிற சத்தமும் விடுகிற சத்தமும்தான் எங்களுக்கு நடுவே. "நான் உனக்கு என்ன பண்ணினேன்?" "ஒண்ணும் பண்ணல. நீ யாருக்கு என்ன பண்ணுவ. வி.ஆர்.எஸ். வாங்கினதுக்கப்புறம் ஏழு வருஷம், தெனம் ஆறு மணிக்குக் கேட்டத் தொறந்துக்கிட்டு வருவ. ஒருநாள் விடாம. வந்து உக்காந்தா ஒன்பது மணி. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப நீதான் தாங்கின, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் எனக்கு ஒரு சாயங்காலம் இல்லாமப் போச்சு பிலோ. அஞ்சரை ஆனா நெஞ்சு படபடங்கும். கேட்டுச் சத்தம் கேட்டா சாமி ரூம்ல போய் நின்னுக்குவேன், முகத்தச் சரிபண்ணிக்கிட்டு வர. வராதேன்னு உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல என்னால முடியல. வேற ஏரியாவுக்குப் போனாலும் வருவ. மலைக்குப் போனாத்தான் வரமாட்ட." முகத்தைச் சரிசெய்துகொண்டு. அந்த முகத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்து வாடி என்று சிரிக்கிற அந்த முகத்துக்காகத்தான் நான் மத்தியானமெல்லாம் காத்திருந்தேன், நாலு மணிக்கே குளித்து, அவளுக்குப் பிடிக்குமே என்று முறுக்கோ கொய்யாப்பழமோ பையில் போட்டுக்கொண்டு. அவளும் அதே நேரத்தில் காத்திருந்தாளாம். "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை எதுக்கு? நீ பேசாமலே இருந்திருக்கலாமே. செட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு இந்தப் பத்து நிமிஷம்?" என் குரல் உடைந்தது, உடைந்தது அவளுக்குக் கேட்டிருக்கும், தெளிவாகவே கேட்டிருக்கும். "பத்து நிமிஷம்னா எனக்கு ஆசையா இருக்குது பிலோ" என்றாள். "பனி அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய். உன்கிட்டப் பேசணும்னு உக்காந்தது பொய் இல்ல. பத்து நிமிஷம் உன்ன எனக்குப் பிடிக்கும்."

ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குத் தாங்குகிற அளவு பத்து நிமிஷம் என்று தெரிந்தபிறகு அதைப் பெரியது என்பதா சின்னது என்பதா. அவள் பொய் சொன்னதைவிட இப்போது உண்மை சொன்னதுதான் எனக்குச் செய்த துரோகம் என்று தோன்றியது, உடனே அது அநியாயம் என்றும் தோன்றியது, உடனே, அநியாயமாக இருக்கட்டும், எனக்கு மட்டும் ஏன் நியாயம் என்றும் தோன்றியது. ஏழு வருஷச் சாயங்காலங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் இனி, எந்தச் சிரிப்பு வந்தது, எந்தச் சிரிப்பை வரவழைத்தாள் என்று. காப்பி கொடுத்தபோது அவள் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாளா? பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லையே. இவ்வளவு காது இருந்து என்ன பிரயோஜனம். "பிலோ, கேக்குதா? இன்னிக்கு வாயேன். மத்தியானம் சாப்பிட வா. சுபா சந்தோஷப்படுவா. இங்க தாதகாப்பட்டி கேட்டுல எறங்கினா, ரெண்டாவது சந்து" என்று அவள் வேகமாக வழி சொல்ல ஆரம்பித்தாள், அழுகிறாளோ என்னவோ. "வேண்டாம் ரஞ்சிதம்" என்றேன். அவள் கூப்பிட்டு நான் வேண்டாம் என்றது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. நேரத்தைச் சொன்னேன், பத்து இருபத்தேழு, என் அழைப்பெழுத்துகளைச் சொன்னேன், நிலையத்தை மூடுகிறேன் என்றேன், முறைப்படி. "அடுத்த வாரம்?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குமிழைத் திருகினேன். கிளிக் என்றது. அவ்வளவுதான்.

கீழ்வீட்டு கலாராணி துணி வாளியோடு மேலே வந்தாள், சொட்டச்சொட்ட. குழாயும் தகடுகளும் வயரும் கொடிக்குக் கீழே கிடந்தன. "என்னக்கா, சிக்னல் கெடைச்சுதா?" என்றாள், தினமும் ஏதாவது கேட்கிற குரலில். "கெடைச்சுது" என்றேன். எங்கேயிருந்து என்று அவள் கேட்கவில்லை. காலால் குழாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு போர்வையை எடுத்து உதறினாள், தண்ணீர் என் முகத்தில் தெறித்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, துடைக்காமல் இருந்தது நல்லதாகவும் போயிற்று. "ஒருத்தியா பிழிய முடியலக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்களேன்." பிடித்தேன். ஈரமும் சோப்பு வாசமுமாகக் கனமாக இருந்தது. அவள் ஒரு பக்கம் முறுக்க நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன், தண்ணீர் கொட்டியது, சூடான தரையில் விழுந்து கறுப்பாகப் பரவியது. இன்னும் முறுக்கினேன், தண்ணீர் நூலாகியது, சொட்டாகியது, நின்றுவிட்டது, நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன், உள்ளங்கை எரிந்தது, போர்வை கயிறு மாதிரி இறுகித் தானாகவே நடுவில் மடிந்து சுருண்டது. "அக்கா" என்றாள் கலாராணி, "அக்கா, போதும். விடுங்க. கிழிஞ்சிடப் போகுது."